மாகாளிக்கிழங்கும் கோவிந்துவும்

அத்தை: சந்தையில் மாகாளிக்கிழங்கு நல்லதாகக் கிடைத்தது. தோல் சீவி, நடு நாரை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கி மோரில் போட்டாச்சு. வீடு முழுக்க அதே வாசனை. யாருக்கு எத்தனை பாட்டில் ஊறுகாய் வேண்டும்?

தம்பி: எனக்கு இரண்டு அத்தை. ஹாஸ்டலில் ஒரு பாட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

நான்: எனக்கு ஒன்று அத்தை. இதன் தாவரவியல் பெயரைத் தேடினேன். டெகாலெபிஸ் ஹாமில்டோனி. பின்னாலேயே "வைட், ஆர்ன்." என்று போட்டிருக்கிறது. வைட், ஆர்னாட் என்ற இருவர், 1834இல் பெயர் வைத்தவர்களாம்.

பெரியப்பா: அந்த வைட் நம்ம கோயம்புத்தூரில் இருந்தவரம்மா! ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்து நாகப்பட்டினம், பாளையங்கோட்டை எல்லாம் வேலை பார்த்தார். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூரில். அமெரிக்கப் பருத்தி இங்கே விளையுமா என்று பார்க்கும் பண்ணைகள் அவர் பொறுப்பு. மருத மரத்தின் இன்றைய பெயரிலும் இதே இருவர்தான்.

தம்பி: டாக்டருக்குச் செடியில் என்ன வேலை பெரியப்பா?

பெரியப்பா: அந்தக் காலத்து மருந்தில் பாதி செடிதானேப்பா. மருத்துவம் படித்தவர்கள் தாவரவியலும் படித்தார்கள். இவருக்கு அதுவே உயிராகிவிட்டது. 'ஐகோனிஸ்' என்று செடிப் படங்களின் நூல், ஆறு தொகுதி, 1838 முதல் 1853 வரை. மொத்தம் 2101 படங்கள். மதராஸிலேயே கல்லச்சில் அடித்தது.

அத்தை: அத்தனையும் அவரே வரைந்தாரா அண்ணா?

பெரியப்பா: இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். பெரும்பகுதி நம்மூர் ஓவியர்கள் கை. முதலில் ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து. பல படங்களின் அடியில் அவர்கள் பெயரே அச்சாகியிருக்கும்.

நான்: ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டேன். கிளை ஒன்று, பக்கத்தில் பூவைப் பிளந்து உள்ளே இருப்பதைத் தனித்தனியாகப் பெரிதாக்கி வரைந்திருக்கிறார்கள். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் கோவிந்து!

பெரியப்பா: ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார் வைட். கூட உழைத்த ஓவியருக்கு அவர் செய்த மரியாதை அது. பின்னால் வந்தவர்கள் அந்தச் செடியை ட்ரோபிடியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அறிவியல் முறைப்படி சரிதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அத்தை: அந்தப் படத்தைக் குழுவில் போடு கண்ணு. கோவிந்து பெயர் தெரிகிற மாதிரி பெரிதாக்கிப் போடு. கிழங்கைக் கிளறிவிட்டு வந்து பார்க்கிறேன்.