இருபது நிமிட உரையாடல்கள்

எனக்கு நாட்பட்ட சோர்வு நோய் இருப்பது உறுதியானபோது, கப்பல்களின் தந்தித் தொடர்பைப் பற்றிய நூலில் பாதிதான் முடிந்திருந்தது. ஓய்வெடுத்தால் நீங்கிவிடும் அசதி அல்ல இது. சிறிதளவு உழைத்தாலும், பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, உடலும் சிந்தனையும் ஒருசேரச் சரிந்துவிடும். ஆகவே ‘இன்று நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று எழுதிக்கொண்டே போகும் நாள்தான் ஆபத்தானது. ஓர் அத்தியாயத்தை மூன்றே நாளில் முடித்துவிட்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்த பிறகே இதை உணர்ந்தேன்.

அப்போதுதான் லாரா ஹில்லன்பிராண்டைப் பற்றிப் படித்தேன். 1987இல், கல்லூரி மாணவியாக இருக்கையில் இதே நோய்க்கு ஆளான அவர், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தபடி சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரையின் வரலாற்றை எழுதி 2001இல் வெளியிட்டார். 2010இல் வெளிவந்த அடுத்த நூலுக்காக, ஓட்டப்பந்தய வீரரும் போர்க்கைதியுமான லூயி சாம்பெரினியைப் பல ஆண்டுகள் நேரில் சந்திக்காமல் தொலைபேசியிலேயே பேட்டி கண்டார். களத்துக்குப் போக இயலாதவருக்கு வரலாறு எழுதும் தகுதி இல்லை என்று நம்பி, கையெழுத்துப் பிரதியை மூட்டை கட்டி வைத்திருந்த நான், அன்றே அதைப் பிரித்தேன்.

ஓய்வுபெற்ற கப்பல் தந்தியாளர் ஒருவரோடு வாரம் ஒருமுறை, இருபது நிமிடம் மட்டும் தொலைபேசியில் பேசத் தொடங்கினேன். 1999 பிப்ரவரியில் புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்து, எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் குறியீடு கடலில் ஓய்ந்ததைக் கண்ட தலைமுறை அவருடையது. நேரம் முடிந்ததும் பேச்சை நிறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால், இடைப்பட்ட ஆறு நாளும் அவர் நினைவுகளைத் துழாவிக்கொண்டிருந்தார் என்பது, அடுத்த வாரம் ‘அன்று சொன்னது தவறு, அம்மா’ என்று அவரே தொடங்கியபோது புரிந்தது. ஒரே நாளில் நேரில் சென்று ஆறு மணி நேரம் கேட்டிருந்தால் அந்தத் திருத்தங்கள் எனக்குக் கிடைத்திருக்க மாட்டா என்றே நினைக்கிறேன்.

ஒருமுறை, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து வந்த கடைசிச் செய்தியைச் சொல்ல வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். மறுமுனையில் மேசையை விரலால் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. தாம் தட்டுவதை அவர் அறிந்திருந்ததாகத் தோன்றவில்லை, நானும் குறுக்கிடவில்லை. பதிவான அந்தத் தட்டல்களை இப்போது நாளுக்குப் பத்து நிமிடமாக, எழுத்தெழுத்தாகப் படித்தெடுத்து வருகிறேன்.