டிராக்டர் டிரெய்லருக்கு லைட் வயரிங் முழுசா மாத்தணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. மன்னார்குடி பக்கம் நம்ம டிரெய்லர், அப்பா வாங்கினது. பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட் துடிக்குது. பல்பு எல்லாம் புதுசு. எர்த்து, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற வழிதான் கோளாறுன்னு நினைக்கிறேன், ஏன்னா எர்த்துக்குத் தனி வயரே கிடையாது, டிராக்டரோட மாட்டுற கொக்கி வழியாத்தான் திரும்புது. துருவும் கிரீஸும் அப்பின இடத்துல கரண்ட் எப்படி ஒழுங்காப் போகும்?

பழசை உருவிட்டு ஏழு பின் சாக்கெட் போட்டு, மூணாம் பின்னுல எர்த் வயரை ரெண்டு லைட்டுக்கும் நேரா இழுக்கப்போறேன். பிரேக்குக்கு 21 வாட் ரெண்டு, டெயிலுக்கு 5 வாட் ரெண்டு, இண்டிகேட்டர் 21. எல்லாம் சேர்ந்து எரிஞ்சா 73 வாட், 12 வோல்ட்டுக்கு ஆறு ஆம்பியர் வரும். எர்த்துக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) வயர், மத்ததுக்கு 1.5 போதுமா?

எல்இடி போட ஆசை. ஆனா வாட் குறைஞ்சா பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிறது) படபடன்னு அடிக்கும்ங்கிறாங்க. பிளாஷரை மாத்தினாலே சரியாயிடுமா? வயரை எலி கடிக்காம இருக்க பிவிசி பைப் போட்டவங்க இருக்கீங்களா? சேஸ்ல எந்தப் பக்கமா கொண்டு போனீங்க? போட்டோ இருந்தா ரொம்ப உதவி.

தை அறுவடைக்குள்ள முடிச்சாகணும். இருட்டுல, பனியில, பின்னாடி லைட் இல்லாம மூட்டையோட ரோட்டுல நிக்க மனசு வரல. பின்னாடி வர்றது பைக்ல வர்ற பிள்ளைங்க.