200 எம்பிபிஎஸ் பிளான், மாடியில் 94-க்கு மேல் ஏறவில்லை: ரவுட்டரா, கேபிளா, கம்பெனியா?

மாடிவீடு23

வணக்கம். ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் பிளான். கம்பெனி கொடுத்த ஓஎன்டி பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை இணையமாக மாற்றும் கருவி) கீழே ஹாலில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு லேன் கேபிள் மாடிக்குப் போய் தனி ரவுட்டரில் (ஏசி1200) சேர்கிறது.

மாடி ரவுட்டரில் லேப்டாப்பைக் கேபிளில் செருகினால் பகலில்கூட 93, 94தான். போனில் 5 கிகாஹெர்ட்ஸில் 80, 2.4-இல் 25. கீழே ஓஎன்டியில் நேராகச் செருகினால் பகலில் 200, இரவு 8 முதல் 11 வரை 60, 70. மழை வந்தால் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மின்னி இணைப்பு போய்விடும், பிறகு தானே வரும்.

கம்பெனியில் "ரவுட்டர் மாத்துங்க சார்" என்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாமா?

எட்டுக்கம்பி

சார், இது ஒரு கோளாறு இல்ல, மூணு. மாடியில 94, ராத்திரி மந்தம், மழையில கட். மூணுக்கும் காரணம் வேற வேற. புது ரவுட்டர் வாங்கினா முதல் ஒண்ணு வேணும்னா சரியாகலாம், அதுவும் உறுதியில்ல.

94-ங்கிற எண்ணே காரணத்தைச் சொல்லிடுது. ஈதர்நெட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ல ஓடினா, ஒவ்வொரு பாக்கெட்டிலயும் தலைப்புக்கும் இடைவெளிக்கும் போனது போக 94.9-க்கு மேல டேட்டா வராது. ஆக ஓஎன்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஏதோ ஒரு இடம் 100-லயே நிக்குது. ரெண்டு இடத்தைப் பாருங்க.

ஒண்ணு, ரவுட்டரோட போர்ட். ஏசி1200-ங்கிறது வைஃபையோட 867-ஐயும் 300-ஐயும் கூட்டிப் போடுற எண். போர்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்தப் பெயர்ல விக்கிற மலிவு மாடல் பலதுலயும் 10/100 போர்ட்தான். அட்டைப்பெட்டியில 10/100/1000-னு போட்டிருக்கணும், வான் போர்ட் (இணையம் உள்ள வர்றது), லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்குப் போறது) ரெண்டுக்கும்.

அடுத்தது கேபிள். 100 ஓட நாலு கம்பி போதும் (1, 2, 3, 6). கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். வயரிங் பண்றவங்க நாலை மட்டும் கிரிம்ப் பண்ணிட்டு (கனெக்டர்ல வெச்சு அழுத்திட்டு)ப் போயிடுவாங்க, இல்லன்னா நீலம், பழுப்பு ஜோடியில ஒண்ணு உள்ள அறுந்திருக்கும். ரெண்டு முனையிலயும் கனெக்டரை வெளிச்சத்துல வெச்சு எண்ணுங்க. டி568பி-ங்கிற வழக்கமான நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடி முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க. புதுசா கிரிம்ப் பண்றதுக்கு முன்னாடி ஒரு கம்பியைப் பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா அது தாமிரம் பூசின அலுமினியம், மடங்கினா ஒடியும். அப்படின்னா சுத்தத் தாமிரம் கேட்5ஈ கேபிளையே புதுசா இழுத்திடுங்க, கரண்ட் வயர் போற பைப்ல மட்டும் போடாதீங்க.

எது தப்புன்னு பிரிச்சுப் பார்க்க மாடி ரவுட்டரைக் கழட்டிட்டு, அந்தக் கேபிளையே நேரா லேப்டாப்ல செருகுங்க. விண்டோஸ்ல நெட்வொர்க் பண்புகள்ல இணைப்பு வேகம் 1000/1000-னு காட்டினா கேபிள் நல்லது, ரவுட்டர் போர்ட்தான் தடை. 100/100-னு காட்டினா கேபிள் (லேப்டாப் போர்ட் கிகாபிட்தானான்னு முதல்ல பார்த்துக்குங்க).

வைஃபைல 2.4-இல் 25 வர்றது அடுக்கடுக்கா வீடு இருக்கிற தெருவுல சாதாரணம். சேனல் 1, 6, 11 மூணுல ஒண்ணு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வெச்சா பக்கத்து வீடுகளோட மோதும். 5-ல 80 மெகாஹெர்ட்ஸ் வெச்சுக்கலாம். அப்புறம், மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் கொடுக்கிற முறை) மாத்துங்க. இப்ப ரெண்டு பெட்டியும் தனித்தனியா நாட் (வீட்டு முகவரியை வெளி முகவரியா மாத்துறது) பண்ணிட்டிருக்கும், கேமும் சிசிடிவியும் அதுலதான் மாட்டும்.

ஒளிநார்

மழைக் கோளாறுக்கு வருகிறேன். இது கம்பெனி செய்ய வேண்டிய வேலை, உங்கள் ரவுட்டருக்கு இதில் பங்கே இல்லை.

ஓஎன்டியின் நிர்வாகப் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1) ஆப்டிக்கல் தகவல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) இருக்கும். ஜிபான் (ஒரு ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் முறை) பி+ வகையில் -8 முதல் -27 டிபிஎம் (ஒளி அளவின் அலகு) வரை ஓஎன்டி ஏற்கும். என் கணக்கில் -24-க்குள் இருந்தால் நிம்மதி, -26-க்குக் கீழே போனால் ஆளை வரச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கம்பெனி பக்கத்தில் ஒளியை அனுப்பும் கருவியான ஓஎல்டியிலிருந்து +3 டிபிஎம் கிளம்புகிறது என்று வையுங்கள். ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் 1:32 ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 17 டிபி போகும். ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.3 சொச்சம், கனெக்டர் ஒன்றுக்கு 0.5 வரை. மூன்று கிலோமீட்டர், நாலு கனெக்டர் என்றால் -17 அல்லது -18 வர வேண்டும். -26 காட்டினால் எட்டு டிபி எங்கோ கசிகிறது.

கசியும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: தெருக்கம்பத்து ஜாயின்ட் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் உள்ளே தண்ணீர், சுவர் மூலையில் ஆணிக் கிளிப் அடித்து டிராப் கேபிள் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர்) சடாரென மடங்கியது (வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது), வீட்டு முனையில் கையால் பூட்டிய ஃபாஸ்ட் கனெக்டர். பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, நீலம் சாய்வில்லாதது. இரண்டும் பொருந்தாது, ஒளி நிறைய வீணாகும். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், விரலாலும் தொடாதீர்கள். ஆள் வரும்போது ஃபியூஷன் ஸ்ப்ளைஸ் (ஃபைபரை உருக்கி ஒட்டுவது) போடச் சொல்லுங்கள், இன்னொரு ஃபாஸ்ட் கனெக்டருக்குச் சம்மதிக்காதீர்கள்.

இரவு மந்தம் வேறு கதை. ஒளி குறைந்தால் வேகம் தினமும் மணி பார்த்துக் குறையாது. பிழை கூடும், இணைப்பு போய்ப் போய் வரும். 8 முதல் 11 வரை மட்டும் குறைகிறது என்றால் நெரிசல். ஜிபான் ஒரு போர்ட்டில் கீழிறங்கும் 2.488 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. அதுகூடப் பெரும்பாலும் நிரம்பாது. உள்ளூர் ஆபரேட்டர் மேலே வாங்கியிருக்கும் அப்லிங்க்தான் (வெளி இணையத்துக்கான இணைப்பு) முதலில் நிரம்பும்.

புகாருக்கு முன் வீட்டுக்குள் ஒன்று பாருங்கள்: அந்த நேரத்தில் போன் படங்களோ சிசிடிவியோ கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கிறதா? அப்லோடு நிறைந்தால் டவுன்லோடும் தள்ளாடும். இல்லையென்றால் டிரேஸ்ரூட் (டேட்டா போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டு, உங்கள் வீட்டைத் தாண்டிய முதல் கேட்வேக்கு (கம்பெனியின் நுழைவாயில் கருவி) பகலிலும் இரவிலும் பிங் (போய்த் திரும்பும் நேரம்) எடுங்கள். பகலில் 3 மில்லிசெகண்ட், இரவில் 60 என்றால் நெரிசல் உங்கள் ஊரிலேயே. கேட்வே சீராக இருந்து, வெளிநாட்டு சர்வர் மட்டும் மந்தம் என்றால் ஊருக்கு வெளியே.

விதிஎண்

டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. விதி போடுவது அதன் வேலை. அந்த விதியை வைத்து நீங்கள் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். 2012 குறைதீர் விதிமுறைப்படி வழி இப்படி: கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. லைன்மேனிடம் வாட்ஸப்பில் சொன்னது எங்கும் நிற்காது. தீர்வு திருப்தியில்லை என்றாலோ கெடு முடிந்தாலோ 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்கும் மேலே மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைபேசிச் சேவைக்கு அந்த வழி அடைபட்டதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

2024 அக்டோபர் 1 முதல் புதிய சேவைத் தர விதிமுறை நடப்பில் இருக்கிறது. நிலையான இணைப்பில் பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும், ப்ரீபெய்டுக்கும் சேர்த்து. மழையில் போய்த் தானே திரும்பும் இணைப்பு இந்தக் கணக்கில் சிக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் தனி டாக்கெட் எண் வாங்குங்கள். திரும்பத் திரும்ப வரும் பழுது என்பதற்கு மேல்முறையீட்டில் அதுவே ஆதாரம்.

வைஃபை ஸ்பீட் டெஸ்டை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். வேகம் கம்பெனியின் முனையிலிருந்து உங்கள் இணைப்பு வரைதான். வீட்டுச் சுவர் அவர்கள் பொறுப்பில்லை. ஓஎன்டியில் நேராகக் கேபிள் செருகி, தேதியும் நேரமும் தெரியும்படி பகலும் இரவும் எடுத்த ஸ்கிரீன்ஷாட், கேட்வே பிங், ஆர்எக்ஸ் பவர். இந்த மூன்றும் போதும்.

விதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச வேகம் 2023-இல்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆனது. விளம்பரத்தில் 200 போட்டு விற்கும் கம்பெனியை 2 என்ற அளவுகோலால் பிடிக்கவே முடியாது. ஒவ்வொரு பிளானுக்கும் இரவு நேரக் குறைந்தபட்ச வேகத்தை எழுதித் தரும்படி விதி கட்டாயப்படுத்த வேண்டும்.

மாடிவீடு23

மூவருக்கும் மிக்க நன்றி. மாடி முனையில் நாலு கம்பிதான் இருக்கிறது. ஆர்எக்ஸ் -26.4. டாக்கெட் எண் வாங்கிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: ஓஎன்டியையே நான் கடையில் வாங்கி மாட்டினால் ஒளி அளவு ஏதும் கூடுமா?

ஒளிநார்

கூடாது. கசிவு கேபிளில் இருக்கிறது, எந்தப் பெட்டி வைத்தாலும் அதே -26.4 சுற்றித்தான் காட்டும். தவிர ஓஎல்டியில் ஓஎன்டியின் சீரியல் எண்ணைப் பதிந்தால்தான் இணைப்பு எழும், கம்பெனி மனம் வைக்காமல் நடக்காது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டிலிருந்து சொந்தப் பெட்டி மாட்டுவது வாடிக்கையாளரின் சட்ட உரிமை. இங்கேயும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதைக்கு ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) போடச் சொல்லி, பிபிபிஓஇ (கம்பெனி இணைப்பில் உள்நுழையும் முறை) பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வாங்கி உங்கள் ரவுட்டரிலேயே டயல் செய்யலாம். அப்படிச் செய்தால் கீழே ஒரு ரவுட்டர் முதன்மையாக இருக்க வேண்டும், மாடியில் இருப்பது ஆக்சஸ் பாயின்டாகவே இருக்கட்டும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 வையுங்கள், 1500 வைத்தால் சில தளங்கள் பாதியில் நிற்கும். வீட்டுத் தொலைபேசி அதே ஓஎன்டியில் ஓடினால் அதற்கான வாய்ஸ் வான் (தொலைபேசிக்கான தனி இணைப்பு) வரியைத் தொடாதீர்கள். மாற்றும் முன் அமைப்புப் பக்கங்களை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். டிஆர்-069 என்ற தொலைநிர்வாக முறை வழியாகக் கம்பெனி தொலைவிலிருந்தே பழைய அமைப்பைத் திரும்ப ஏற்றிவிடக் கூடும்.