டிஸ்ஸோசியேட்டிவ் எலக்ட்ரான் அட்டாச்மென்ட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கதிர்வீச்சு பற்றிய நம் கட்டுரைக்காகத் தலைப்பிலுள்ள நிகழ்வுக்கு, அதாவது மெதுவான எலக்ட்ரானை ஒரு மூலக்கூறு பற்றிக்கொண்டு அதனால் உடைவதற்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

அதற்குப் போன மடலில் வந்த 'எலக்ட்ரான் மோதல் சிதைவு' சொல்வதற்கு எளிதுதான், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. 'சிதைவு' ஏற்கனவே கதிரியக்கத்துக்குப் போய்விட்டது, கதிர்வீச்சு பற்றிய கட்டுரையிலேயே அதை இன்னொரு பொருளில் எழுதினால் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அதைவிட, 'மோதல்' என்பதே இங்கே தப்பு.

கதிர்வீச்சு செல்லுக்குள் பாயும்போது பத்தாயிரக்கணக்கில் இரண்டாம் நிலை எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன, பெரும்பாலானவற்றின் ஆற்றல் 20 எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் (இந்த அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கீழே. இவ்வளவு மெதுவானவை என்ன செய்துவிடப்போகின்றன என்றுதான் பலரும் நினைத்தார்கள். கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழு வெற்றிடத்தில் பிளாஸ்மிட் எனும் வளைய வடிவ டி.என்.ஏ.வின் படலத்தின்மேல் 3 முதல் 20 எலக்ட்ரான்வோல்ட் வரை எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, பிறகு வடிவத்துக்கேற்ப டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்தது. முறுக்கிக்கொண்டிருந்த வளையம் தளர்ந்திருந்தால் ஓரிழை அறுந்திருக்கிறது, நேர்கோடாகியிருந்தால் ஈரிழையும். இரண்டுமே கிடைத்தன. 2000இல் வெளியான அந்த முடிவில் முக்கியமானது அறுந்தது மட்டுமல்ல, ஆற்றலைக் கூட்டக்கூட அறுதல் சீராகக் கூடாமல் 10 எலக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் முகடு காட்டியதும்தான். 2004இல் அதே குழு இன்னும் கீழே இறங்கி 0.8, 2.2 எலக்ட்ரான்வோல்ட்டுகளில் ஓரிழை அறுதலுக்கு முகடுகளைக் கண்டது. டி.என்.ஏ.வை அயனியாக்கவே 7, 8 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், ஆக இங்கே எலக்ட்ரான் எதையும் இடித்துத் தள்ளவில்லை. டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களில் ஒன்றின் வெற்று ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம்) போய் உட்காருகிறது, மூலக்கூறு கொஞ்ச நேரத்துக்கு எதிரயனியாகிறது, அந்தக் கூடுதல் மின்னூட்டம் சர்க்கரைக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையிலுள்ள கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம்) நகர்ந்தால் பிணைப்பு அறுகிறது. கணக்கீட்டு வேதியியலார் தரும் விளக்கம் இது.

அதனால் என் பரிந்துரை 'எலக்ட்ரான் பற்றுப்பிரிகை'. 'பிரிகை' பள்ளி வேதியியலிலேயே இருக்கிறது, பிரிகை மாறிலி என்று எல்லோரும் படித்திருப்போம். 'பிளவு' அணுக்கருவுக்கு, 'கவர்வு' அணுக்கரு எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் வேறொரு நிகழ்வுக்கு, அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன். 'ஒட்டல்' என்றால் ஒட்டியே கிடக்கும் என்று படுகிறது.

சரிபார்க்க ஓர் எடுத்துக்காட்டு: தைமின் என்ற காரத்துக்குப் பதில் புரோமின் உள்ள 5-ப்ரோமோயுராசில் சேர்த்த டி.என்.ஏ. கதிர்வீச்சுக்கு எளிதில் சேதமாகிறது. ஏறக்குறைய ஆற்றலே இல்லாத எலக்ட்ரானையும் அது பற்றிக்கொள்கிறது, புரோமைடு அயனி கழன்று போகிறது. பற்றியது, பிரிந்தது. சொல் பொருந்துகிறதா?

மறுமொழி:

வணக்கம் ஐயா. பற்றுப்பிரிகை நல்லாத்தான் இருக்கிறது, கணக்கெழுதுபவர்கள் மட்டும் வரவு எங்கே என்று கேட்பார்கள். இலங்கையில் நாங்கள் இலத்திரன் என்றுதான் படித்தோம், அதனால் 'இலத்திரன் பற்றுப்பிரிகை' என்றும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எலக்ட்ரானுக்குச் சிலர் சொல்லும் 'எதிர்மின்னி' மட்டும் வேண்டாம், பக்கத்திலேயே எதிரயனியும் வருவதால் குழம்பும். அந்த முகடுகளை ரெசொனன்ஸ் என்கிறார்களே, அதற்கு உங்கள் பக்கம் இயற்பியலில் ஒத்ததிர்வு, வேதியியலில் உடனிசைவு, எங்களுக்கு இரண்டுக்கும் பரிவு. இந்தக் கட்டுரைக்குப் பரிவே போதும் என்பது என் எண்ணம், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது. பற்றிய எலக்ட்ரான் எதையும் உடைக்காமல் தானே வெளியேறிவிடுவதும் உண்டு, பல நேரம் அதுதான் முந்திக்கொள்ளும். அதற்கு 'தன்னுதிர்வு' என்று வைக்கலாமா?