புதுப்பிப்பு: மொபைலில் நசுங்கிய வீடியோ சரியாகிவிட்டது
போன வாரம் கேட்டிருந்தேனே, பதிவுக்குள் ஒட்டிய யூடியூப் வீடியோவுக்கு அகலம் 100% கொடுத்தும், மொபைலில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது.

ஒட்டும் குறிமுறையிலேயே ஐஃப்ரேமுக்கு (வீடியோவைப் பக்கத்துக்குள் காட்டும் பெட்டி) உயரம் 315 பிக்சல் என்று எழுதியிருக்கிறது. அகலம் சுருங்கினாலும் அந்த 315 அசையவே இல்லை. நான் ஏற்கெனவே ஆஸ்பெக்ட்-ரேஷியோ (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 16/9 போட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். அகலம், உயரம் இரண்டும் முடிவாகிவிட்டால் பிரவுசர் விகிதத்தைக் கண்டுகொள்ளாதாம்! சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) உயரத்தை 'ஆட்டோ' என்று மாற்றியதும் பெட்டி ஒழுங்காக உட்கார்ந்தது.

சிலர் சொன்ன பழைய பேடிங் வித்தையையும் (பெட்டிக்குள் விடும் இடைவெளியை வைத்தே உயரத்தை உண்டாக்குவது) முயன்றேன். சதவீதத்தில் கொடுக்கும் பேடிங், மேல் கீழாக இருந்தாலும், வெளிப்பெட்டியின் அகலத்தை வைத்தே கணக்காகும். அதனால் 9-ஐ 16-ஆல் வகுத்து 56.25%. அதுவும் ஓடுகிறது, ஆனால் வெளியே ஒரு டிவ் (வெறும் பெட்டி), உள்ளே வீடியோவை அதன்மேல் பொருத்த அப்சலூட் பொசிஷன்... எதற்கு வம்பு? குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 2021-லேயே ஆஸ்பெக்ட்-ரேஷியோ வந்துவிட்டது. மிகப் பழைய போன்களுக்கு மட்டும் பேடிங்கை விட்டுவைத்திருக்கிறேன்.

அப்புறம், ஷார்ட்ஸ் மாதிரி நெட்டை வீடியோவுக்கு 9/16 என்று தனி கிளாஸ் (சிஎஸ்எஸ் விதிகளுக்கு வைக்கும் பெயர்) வேண்டும். அதை இன்னும் எழுதவில்லை.