மறு: எஞ்சின் ‘சர்ஜ்’ – எழுச்சியா, எதுக்களிப்பா?

வணக்கம் ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலில் ஜெட் எஞ்சினின் ‘சர்ஜ்’ (surge) கோளாறுக்கு எந்தத் தமிழ்ச் சொல் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுதியது:

> மின்சாரத்துக்கு ‘மின்னெழுச்சி’ என்கிறோம். எஞ்சினுக்கும் ‘எழுச்சி’ போதாதா?

மின்சாரத்துக்குச் சரி, அங்கே அழுத்தம் எகிறுகிறது. ஜெட் எஞ்சினில் நடப்பது நேர்மாறு. கம்ப்ரசர் முன்னாலிருந்து காற்றை வாங்கி, அடுக்கடுக்காக அழுத்தி, எரியறைக்குத் தள்ளுகிறது. அதன் பிடி விட்டுப்போனால் பின்னால் அடைபட்ட காற்று வந்த வழியே திரும்பிப் பாய்கிறது. வெடிபோல ஒரு சத்தம். சில சமயம் தீயும் முன்வாயில் எட்டிப் பார்க்கும். அழுத்தம் இறங்கியதும் கம்ப்ரசர் மறுபடி தள்ளும், காற்று மறுபடி திரும்பும். இதைப் போய் ‘எழுச்சி’ என்றால், உந்துவிசை கூடுகிறது என்றுதானே மாணவன் நினைப்பான்?

ரோல்ஸ் ராய்ஸின் ஏவான் ஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். (ஆற்றுப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். பெங்களூரில் நம் காவிரி எஞ்சினுக்கும் அப்படியே வைத்தார்கள். இழுபறியும் கூடவே வந்தது.) ஏவான் 6,500 பவுண்டு உந்துவிசை என்ற இலக்கோடு, 12 அடுக்குக் கம்ப்ரசரோடு, 1947 மார்ச்சில் முதன்முதலாக ஓடியது. ஓடியது என்பதோடு சரி. எரிபொருளைக் கூட்டினால் வேகம் பிடிக்காமல் ‘சர்ஜ்’ ஆகும். முதல் அடுக்கு இதழ்கள் (பிளேடுகள்) முறியும். காரணம் இதுதான்: குறைந்த சுழற்சியில் காற்று போதிய அளவு சுருங்குவதில்லை. பின் அடுக்குகளின் குறுகிய வழியில் அது நெரிபட, முன் அடுக்குகளுக்குள் வரும் காற்று மந்தமாகிறது. அங்கே இதழ்களைக் காற்று தவறான கோணத்தில் தாக்கி, அவற்றின் முதுகை விட்டு விலகிவிடுகிறது. நடுவில் கொஞ்சம் காற்றை வெளியே வடிக்க வால்வு வைத்தார்கள். நுழைவாயில் இதழ்களைத் திருப்பக்கூடியவையாக மாற்றினார்கள். எஞ்சின் வழிக்கு வர வருடங்கள் ஆயின.

அப்புறமும் தொல்லை விடவில்லை. ஏவான் பொருத்திய முதல் ஹன்டர் போர் விமானங்களில், உயரத்தில் பீரங்கியைச் சுட்டால் அதன் புகையை எஞ்சின் விழுங்கி ‘சர்ஜ்’ ஆகும்! சுடும்போதெல்லாம் எரிபொருள் தானாகக் குறையும்படி ஓர் ஏற்பாடு செய்து சமாளித்தார்கள். அதே ஹன்டரில் ஆம்ஸ்ட்ராங் சிட்லியின் சஃபையர் எஞ்சினைப் பொருத்தியபோது இந்தக் கோளாறு இல்லை. பிந்தைய ஏவான்களின் முன் அடுக்குகளை சஃபையரைப் பார்த்தே வடிவமைத்தார்கள். போட்டிக் கம்பெனியிடம் கற்பதில் என்ன வெட்கம்?

விழுங்கியது நிலைக்காமல் வாய்க்குத் திரும்புவதற்கு நம்மிடம் ‘எதுக்களிப்பு’ இருக்கிறது. அதையே வைக்கலாம் என்பது என் கருத்து.

----

தம்பி,

எழுச்சியைக் கைவிடுகிறேன். ஆனால் எதுக்களிப்பு வயிற்று வைத்தியத்துக்குரிய சொல் ஆயிற்றே? ‘பின்பாய்ச்சல்’ என்றால் கௌரவமாக இருக்கும். இன்னொன்று: இதழ் மட்டத்தில் காற்று விலகும் ‘ஸ்டால்’ (stall) வேறு, எஞ்சின் முழுக்கக் காற்று திரும்புவது வேறு. முன்னதற்கு ‘திணறல்’ எப்படி? பட்டறையில் “வண்டி திணறுது” என்பார்களே.

----

ஐயா,

‘பின்பாய்ச்சல்’ காற்று திரும்புவதைச் சொல்கிறது; தள்ளுவதும் திரும்புவதும் மாறிமாறி வருவதைச் சொல்லவில்லை. வால்வு பழுதாகிக் காற்று பின்னால் கசிந்தாலும் அது பின்பாய்ச்சல்தானே? வைத்தியச் சொல் என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. நாடியும் நரம்பும் உடம்போடு நின்றுவிட்டனவா என்ன?

‘திணறல்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வண்டி திணறுவது பெரும்பாலும் எரிபொருள் கோளாறால். மேலும் விமான இறக்கையில் வரும் ஸ்டாலும் இதழில் வருவதும் ஒரே சங்கதி. இரண்டிலும் காற்று பரப்பை விட்டு விலகுகிறது. இறக்கை திணறியது என்று எழுத முடியுமா? ‘காற்றுவிலகல்’ இரண்டுக்கும் பொருந்தும். சில இதழ்களில் மட்டும் தோன்றி, கம்ப்ரசரைச் சுற்றி நகரும் வகையைச் ‘சுழல்விலகல்’ எனலாம்.

பட்டியலில் இப்படிப் போடட்டுமா?

எதுக்களிப்பு: கம்ப்ரசர் காற்றை அழுத்திவைக்கும் திறனை இழப்பதால், காற்றோட்டம் முன்னும் பின்னுமாக மாறிமாறிப் பாய்தல்.

காற்றுவிலகலுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.