இரண்டு வரைபடங்களில் ஒரே இரைச்சல்: சரிபார்க்க உதவி தேவை

வணக்கம். ஒரு பொருளறிவியல் கட்டுரையில் 2 வரைபடங்கள். வெவ்வேறு வெப்பநிலையில் அளந்தவை என்கிறார்கள், ஆனால் கோட்டின் பொடிப்பொடி நெளிவுகள்கூட (அளவீட்டில் தற்செயலாக வரும் இரைச்சல்) அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன. பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர் யான் ஹெண்ட்ரிக் ஷோன் போலித் தரவுக்காக 2002-ல் சிக்கியதும் இப்படித்தான். வேறு வேறு சோதனை, ஒரே இரைச்சல். விசாரணைக் குழு 24 புகார்களில் 16-ஐ உறுதி செய்தது.

பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து கோட்டின் புள்ளிகளை நேராக எடுத்தோம். ஸ்கிரீன்ஷாட் உதவாது, கோட்டின் தடிமனே இரைச்சலை விழுங்கிவிடும். பிறகு 15 புள்ளி நகரும் சராசரியைக் கழித்து மிச்சத்தை, அதாவது இரைச்சலை மட்டும், ஒப்பிட்டோம். வரைபடத்தின் அச்சு லாக் அளவுகோலா (சம இடைவெளிக்குச் சம மடங்கு கூடுவது) என்று முதலில் பாருங்கள்: தரவை ஓர் எண்ணால் பெருக்கி மறுபடி பயன்படுத்தியிருந்தால், லாக் அச்சில் கோடு வடிவம் மாறாமல் மேலே நகர்ந்து நிற்கும்.

எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் இரண்டு அளவீட்டிலும் புகுந்திருந்தாலும் ஒற்றுமை வருமே, அதை எப்படிப் பிரித்தறிவது? 15 புள்ளி போதுமா, கூட்ட வேண்டுமா? ஆய்வகத்தில் குறைகடத்தி அளவீடு செய்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மூலத் தரவு கேட்டுக் கட்டுரையாளருக்கு எழுதும் கடிதத்தையும் யாராவது படித்துத் திருத்தித் தந்தால் நல்லது. பதில் வரும்வரை "மோசடி" என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள், பத்திரிகைக்காரர்களிடமும் பேச வேண்டாம்.